கேரிபு மூக்கடைத்த கதை

அந்தக் காலத்தில் கார்களுக்கு வாய் இருந்தது. ஓட்டுகிறவர் ‘போ’ என்றால் போகும், ‘மெல்ல’ என்றால் மெல்லப் போகும். பிரேக்கை மிதிப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

அமெரிக்காவில், கடல்போல் விரிந்த ஓர் ஏரியின் கரையிலுள்ள ஊரில் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே தகடு வளைக்கும் வேலை செய்தாள் வெர்னா. தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியவன் தம்பி டெல்மர் ஒருவன்தான். புதிதாகச் செய்த கார்களை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை.

ஓர் இளவேனிலில் அந்தத் தொழிற்சாலையில் ஒரு கார் பிறந்தது. பனிநாட்டுக் கலைமானின் பெயரை வைத்து அதைக் ‘கேரிபு’ என்று அழைத்தார்கள். முதல் வருஷம் அது ஒடிசலாக இருந்தது. ஒடுங்கிய இடுப்பு, இரண்டே விளக்கு, எஞ்சினில் ஆறே சிலிண்டர். டெல்மர் கதவைத் திறந்தாலே போதும், சிரித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

ஒவ்வொரு வருஷமும் இலையுதிரும் நாளில் தலைமைப் பொறியாளர் ஹால்வர்சன் காரின் முன்னால் வந்து நின்று, “அடுத்த வருஷம் உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார். அது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். அது கேட்டபடி அதை மாற்றி, அதே அச்சில் அந்த வருஷத்துக் கேரிபுகளை எல்லாம் செய்வார்கள்.

“மேட்டில் மற்றவர்கள் என்னை முந்துகிறார்கள். பெரிய எஞ்சின் வேண்டும்” என்றது கேரிபு.

எட்டு சிலிண்டர் வைத்தார்கள். அதைத் தாங்க முன்பக்கம் நீண்டது. அடுத்த வருஷம் அகலமான டயர் கேட்டது. டயரை உள்ளே அடக்கப் பின்பக்கம் தொடைபோல் புடைத்தது. மூன்றாம் வருஷம் விளக்குகள் நான்காயின, முகத்தில் ஒரு முறைப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றமும் வெர்னாவின் சுத்தியலடியில்தான் நடந்தது. தட்டத் தட்ட அவளுக்கு அதன்மேல் பெற்ற பிள்ளைமேல் வருவதுபோல ஒரு பெருமை வந்தது. அதை அவள் பிற்காலத்திலும் மறைக்கவில்லை.

நான்காம் வருஷம் கேரிபு, “எனக்கு மூச்சு போதவில்லை” என்றது.

ஹால்வர்சன் வெர்னாவைப் பார்த்தார். அவள் எஞ்சின் மூடியான பானெட்டின் நடுவே தகட்டை வெட்டி, மேலே தூக்கி வளைத்து, இரண்டு நாசித் துவாரங்கள் அமைத்தாள். குளிர்ந்த காற்று நேரே எஞ்சினுக்குள் இறங்கியது. முதல் மூச்சை இழுத்தபோது தொழிற்சாலையின் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன.

“அக்கா, இப்போதெல்லாம் இதனிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது” என்றான் டெல்மர் ஒரு நாள், சாப்பிடும்போது.

“புது மூக்கு அல்லவா? பழகிவிடும்” என்றாள் வெர்னா.

பழகவில்லை. ஐந்தாம் வருஷம், மழை விட்ட ஒரு முற்பகலில், ஏரிக்கரைச் சாலையின் வளைவில் கேரிபு பாலத்துச் சுவரில் மோதியது. டெல்மர் அங்கேயே இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வெர்னா தொழிற்சாலைக்குப் போனாள். நசுங்கிய முன்பக்கத்தோடு கேரிபு கொட்டகையில் நின்றது. ஹால்வர்சன் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“உருக்கிவிடச் சொன்னால் இன்றைக்கே உருக்கிவிடலாம், வெர்னா. நீ சொல்வதுதான்” என்றார்.

அவள் காரின் அருகே போனாள்.

“என் தம்பி கடைசியாக உன்னிடம் என்ன சொன்னான்?”

கேரிபு சொன்னது: “‘மெல்ல’ என்றானாம். பாலத்தின் மேல் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். மூன்று முறை கத்தினானாம். மூக்கில் புகுந்த காற்றின் இரைச்சலில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.”

வெர்னா பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தத் துவாரங்களின் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது. அவள் அடித்து வளைத்த விளிம்பு. அப்போதுதான் அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

“என்னை உருக்கிவிடு” என்றது கேரிபு.

“நீ கேட்டாய். நான் வெட்டிக் கொடுத்தேன். உன்னை மட்டும் உருக்கினால் நான் எங்கே போவது?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெல்டிங் கருவியை எடுத்தாள். பானெட்டைத் திறந்து, உட்புறமாக இரண்டு இரும்புத் தகடுகளை வைத்தாள்.

“இதை மூடினால் உன் வேகம் குறையும். மூக்கு வைத்த பிறகு உன் குரலும் இதன் வழியாகத்தான் வருகிறது; அதுவும் போய்விடலாம்” என்றாள்.

“குரல் இருந்து என்ன? கேட்க வேண்டியதைக் கேட்கவில்லையே. மூடு. வெளிப்புறமும் தட்டிச் சமமாக்கிவிடு, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாமல்.”

“அதை மட்டும் செய்யமாட்டேன். திறந்திருந்த இடம் எல்லார் கண்ணிலும் படட்டும்.”

நெருப்புப் பொறி பறந்தது. இரண்டாவது துவாரம் அடைபடும்முன் கேரிபு “டெல்மர்” என்றது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. சேதி பரவியதும் மற்ற ஊர்க் கார்களும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

அந்த இலையுதிர் காலத்தில் ஹால்வர்சன் வழக்கம்போல் வந்து நின்றார். கேட்டாலும் பதில் சொல்லக் காருக்கு வாயில்லை. எனவே மனிதர்களே தீர்மானித்தார்கள். எஞ்சினைச் சிறிதாக்கினார்கள். முன்னும் பின்னும் கனத்த பம்பர் பொருத்தினார்கள். ஓட்டுகிறவரின் காலுக்கடியில் பெரிய பிரேக், மார்பின் குறுக்கே வார். வருஷத்துக்கு வருஷம் கேரிபு பாரமாகி, நிதானமாகி, வயதான மனிதரைப்போல் வளைவுகளில் தயங்கித் திரும்பியது.

வெர்னா ஓய்வு பெறும்வரை அதன் பானெட்டை வேறு யாரையும் செய்யவிடவில்லை. ஒவ்வொன்றிலும் துவாரங்களை வளைப்பாள்; ஒவ்வொன்றையும் உள்ளே அடைப்பாள்.

அன்று முதல்தான் அந்த ரகக் கார்களின் பானெட்டில் மூக்கு இருந்தும் மூச்சு இல்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் இரும்பு தட்டுகிறது.