மூலம் காணும் பொறி

தாழையூரை ஆண்ட சிவஞான பூபதி மகாராஜாவுக்கு அந்த மாதம் உட்காருவதே பெரும்பாடாக இருந்தது. அரண்மனை வைத்தியர் பொன்னுரங்கம் பார்த்துவிட்டு, மூலம் என்றார். மிளகாய் கூடாது, குதிரை கூடாது, சிம்மாசனத்தில் இலவம்பஞ்சு மெத்தை போட வேண்டும் என்றார். ராஜா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இது வெளியே தெரிந்தால் உம்மைச் சிறையில் தள்ளுவேன்."

வெளியே தெரியவில்லை. மெத்தை தைக்க ஏற்பாடு செய்த அவைப்புலவர் குழந்தையப்பருக்கு மட்டும் தெரியும். அவர் சும்மா இருக்கத் தெரியாத வாய்க்காரர்தான். ஆனால் வைத்தியர் அவருக்குச் சம்பந்தி. அதனால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது பார்த்துக் காசியிலிருந்து கேசவ பட்டர் என்ற கணிதர் வந்து சேர்ந்தார். தமிழை நிகண்டு பார்த்துப் படித்தவர். கடைத்தெருத் தமிழ் அவருக்குத் தெரியாது. பல்சக்கரங்கள் நிறைந்த ஒரு பித்தளைப் பெட்டியைச் சபை நடுவே இறக்கி வைத்தார்.

"மகாராஜா, இது கணக்குப் போடும் பொறி. கூட்டும், கழிக்கும். அதெல்லாம் சின்ன வேலை. இது மூலம் காணும்."

ராஜா மெத்தையில் லேசாக நெளிந்தார். "என்ன காணும்?"

"மூலம், மகாராஜா. உள்ளே மறைந்திருக்கும். மேலே பார்த்தால் யாருக்கும் தெரியாது. என் பொறி அதை நொடியில் வெளியே எடுத்துவிடும்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

பட்டருக்கு உற்சாகம் கூடியது. "மகாராஜாவிடமிருந்தே தொடங்குவோம். எழுந்து வர வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுத்தால் போதும்."

ராஜாவின் முகம் சிவந்தது. அவர் பட்டரைப் பார்க்கவில்லை. வைத்தியரைப் பார்த்தார்.

"சத்தியமாக நான் சொல்லவில்லை, மகாராஜா" என்றார் வைத்தியர், யாரும் கேட்காமலே.

"இரண்டு பேரையும் சிறையில் போடுங்கள்" என்றார் ராஜா.

காவலர்கள் வந்து இருவர் கையையும் பிடித்தார்கள். பட்டர் திருதிருவென்று விழித்தார். குழந்தையப்பர் யோசித்தார். உண்மையை உரக்கச் சொன்னால் ராஜாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத இரண்டு பேர் உள்ளே போவார்கள். எழுந்து சிம்மாசனத்தின் அருகே போய்க் குனிந்தார்.

"தண்டனை இருக்கட்டும், மகாராஜா. என்ன குற்றத்துக்கு என்று ஓலையில் எழுதிச் சாவடியில் படிக்க வேண்டுமே. என்ன எழுதச் சொல்லட்டும்?"

ராஜா காவலர்களை நிற்கும்படி சைகை செய்தார்.

"பட்டர் சொன்ன மூலம் வேறாக இருக்கலாம். நானே கேட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையப்பர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "பட்டரே, உங்கள் சாத்திரத்தில் மூலம் என்றால் என்ன? எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்."

"ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்துக்குள் மறைந்திருக்கும் ஐந்துதான் மூலம்" என்றார் பட்டர், காவலன் பிடியில் நின்றபடியே. "மகாராஜாவிடம் நான் கேட்டது ஓர் எண்ணை."

ராஜா நீளமாக மூச்சு விட்டார். காவலர்களுக்குக் கை காட்டினார். பிடி தளர்ந்தது.

கை விடுபட்ட பட்டருக்குப் பேச்சு நிற்கவில்லை. "பொறி செய்கிறவர்களுக்கு மூலம் என்றால் வேறு பொருள். எந்தச் சக்கரம் எப்போது சுழல வேண்டும் என்று ஓலையில் துளை போட்டுப் பொறிக்குக் கொடுப்போம். அந்தக் கட்டளை ஓலையின் அசல்தான் மூலம். என்னுடைய மூலத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை."

"காட்டக் கூடாதுதான்" என்றார் ராஜா, மனப்பூர்வமாக.

"எங்கள் வைத்தியத்தில் மூலம் என்றால்..." என்று தொடங்கினார் பொன்னுரங்கம். குழந்தையப்பர் அவர் காலை நன்றாக மிதித்தார். வைத்தியர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

"நூற்று நாற்பத்து நான்கு" என்றார் ராஜா.

பட்டர் கைப்பிடியைச் சுழற்றினார். சக்கரங்கள் கடகடத்து நின்றன. சின்னச் சாளரத்தில் பன்னிரண்டு என்று வந்தது. சபை கைதட்டியது. பட்டருக்குப் பட்டுச் சால்வை, வைத்தியருக்குச் சந்தனப் பேழை. குழந்தையப்பருக்கு ராஜா தம் கைமோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார். எதற்கு மோதிரம் என்று சபையில் யாருக்கும் புரியவில்லை.

மனம் லேசான ராஜாவுக்குக் கணக்கிலேயே ருசி தட்டிவிட்டது. "பட்டரே, எல்லா எண்களுக்கும் மூலம் உண்டா?"

"இல்லை, மகாராஜா. சுழி என்கிற பூச்சியத்துக்கும் கீழே சில எண்கள் கிடக்கின்றன. எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கி அவற்றைப் பெற முடியாது. அதனால் அவற்றுக்கு மூலமே கிடையாது."

குழந்தையப்பர் ராஜாவின் காதருகே குனிந்தார்.

"கொடுத்து வைத்த எண்கள், மகாராஜா."

ராஜா ஒரு கணம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சபை அதிரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிம்மாசனத்தின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பல்லைக் கடித்துச் சொன்னார்.

"சிரிக்க வைக்காதீர், குழந்தையப்பரே. வலிக்கிறது."