பதினெட்டு வருஷக் கருப்பு

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்தவர் சொர்ணத்தம்மாள். தீட்சை வேண்டும் என்று அவர் முன் போய் நின்ற சபாநடேசன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். நில அளவையில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர்.

மனத்தில் கறையோடு தீட்சை கேட்கக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டார் மனுஷன். ஆகவே புறப்படும் முன் மனைவி மீனலோசனியை உட்காரவைத்து, இருபது வருஷத்துக்கு முன் வெளியூரில் வேறொரு பெண்ணோடு இருந்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"எனக்கு மனசு பளிச்சுன்னு ஆயிட்டும்மா. அவதான் முகம் கொடுக்க மாட்டேங்கா. எப்ப சரியாவா?"

சொர்ணத்தம்மாள் அடுக்களைப் பக்கம் கை காட்டினார். அடுக்களையில் பாத்திரம் கிடக்கிறது, கழுவுங்கள் என்றார்.

முப்பது வருஷம் வீட்டில் தோசை தின்றவர் ஒரு நாளாவது தோசைக்கல்லைக் கழுவியிருந்தால் தெரிந்திருக்கும். பித்தளைக் குடத்துக்கு வைத்திருந்த புளியையும் செங்கல் பொடியையும் எடுத்தார். கருகருவென்று மினுங்கிய இரும்புக் கல்லை மூச்சு வாங்க வாங்க மதியம்வரை தேய்த்தார். கருப்பெல்லாம் கரைந்து கல் வெளுத்துவிட்டது. ஈரத்தோடு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பெருமையாக அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அம்மாள் கல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கருப்பு ஏறப் பதினெட்டு வருஷம் ஆச்சு."

மறுநாள் காலை கல் முழுக்கத் துரு. ஊற்றிய மாவு ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. தோசைக்குக் காத்திருந்த வழிப்போக்கர்களுக்கு அன்று பழைய சோறுதான். கல்லை நீங்களே பழக்குங்கள், வருவதை நீங்களே சாப்பிடுங்கள் என்றார் அம்மாள்.

சபாநடேசன் துருவைச் சுரண்டினார். வடிகஞ்சியில் ஊறவைத்தார். நல்லெண்ணெய் தடவி இளந்தீயில் காயவைத்தார், பாதி வெங்காயத்தால் தேய்த்தார், தண்ணீர் படாமல் துணியால் துடைத்தார். அப்படியும் தோசை பிய்ந்தது. வாயில் வைத்தால் துரு கசந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மீனலோசனி தட்டில் போட்ட முறுகல்கள் நினைவுக்கு வந்தன. நடுவில் வீட்டுக்கு மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நாற்பத்தோராம் நாள் தோசை முழுசாகக் கழன்று வந்தது. தட்டில் ஏந்திக்கொண்டு ஓடினார். கல் பழகிவிட்டது, இத்தனை நாளில் வீட்டிலும் கோபம் ஆறியிருக்கும், தீட்சை கொடுத்தால் ஊருக்கு ஒரு நடை போய்வருவேன் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

சொர்ணத்தம்மாள் தோசையைப் பார்த்தார்.

"பிய்ஞ்சதையெல்லாம் இங்க யாரு சாப்பிட்டது?"

"நான்தாம்மா. நீங்கதானே சொன்னீங்க."

"வீட்லயும் ஒரு கல்லைத் தேச்சு வச்சிட்டு வந்திருக்கீங்களே ஐயா. அங்க யாரு சாப்பிடுதா?"