கோரைக்கிழங்கும் கெளுத்தி மீனும்

காட்டுச் சுனை ஒன்றில் ஒரு கெளுத்தி மீன் தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. சுனையின் ஊற்றுக்கண்ணில் கோரைப்புல் முளைத்து, அதை அடைத்துக்கொண்டது. நீர் நாளுக்கு நாள் வற்றியது. குஞ்சுகள் சேற்றில் புரண்டு மூச்சுத் திணறின.

அந்தக் காட்டுக்கு வைத்தியர் ஒரு குரங்கு. தலைவலிக்கும் கள்ளிப்பால், கால்வலிக்கும் கள்ளிப்பால்! கோரைக்கும் அதையே சொட்டுச் சொட்டாக விட்டது. கோரை கருகியது.

"பாத்தியா தங்கச்சி! ஒழிஞ்சது கோரை!" என்று குதித்தது குரங்கு. காடே கூடிக் கொண்டாடியது.

கொண்டாட்டம் ஓய்வதற்குள் கோரை மறுபடி தலைதூக்கியது. முன்னைவிடத் தடிப்பாக! இப்போது கள்ளிப்பால் பட்டும் அது வாடவில்லை.

"மருந்து பத்தல! குடம் குடமா ஊத்தறேன்!" என்றது குரங்கு.

"ஐயோ, வேண்டாம் அண்ணே! கோரைக்கு முன்னாடி என் பிள்ளைங்க செத்துப்போகும்!" என்று கதறியது கெளுத்தி.

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? கெளுத்தி சேற்றுக்குள் புகுந்து, கோரையின் அடியை மீசையால் தடவிப் பார்த்தது. அங்கே உருண்டை உருண்டையாகக் கிழங்குகள்! தடித்த தோலைப் போர்த்துக்கொண்டு சுகமாகத் தூங்கின. ஒன்றில் புதுமுளை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, புல்லைப் பெத்துப் போடுற தாய் கீழே ஒளிஞ்சிருக்கு! உங்க மருந்து அதோட தோலைத் தாண்டல. காட்டுப்பன்றியைக் கூப்பிடுங்க!"

"அவனையா? ஊற்றுக்கண்ணையே உழுதுட்டுப் போயிடுவான்!"

குரங்கின் பயம் நியாயமானதுதான். ஊற்றுக்கண் சிதைந்தால் சுனையே போய்விடும். ஆனாலும் வேறு வழியில்லை. பன்றி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, காலை உள்ள வைக்கக் கூடாது!" என்றது கெளுத்தி. "கரையில படுத்துக்கிட்டு மூக்கை மட்டும் நீட்டுங்க. நான் தொட்டுக் காட்டுற இடத்துல மட்டும் தோண்டுங்க!"

"கிழங்கு கிடைக்கும்னா தவமே இருப்பேன்!" என்றது பன்றி.

சொன்னபடியே ஆடாமல் படுத்தது. கெளுத்தி காட்டக் காட்ட, ஒவ்வொரு கிழங்காக இழுத்து நறுக்கென்று கடித்தது. ஊற்றுக்கண்ணில் ஒரு கீறல்கூட விழவில்லை! மிஞ்சிய புல்லின்மேல் குரங்கு கொஞ்சமே கொஞ்சம் மருந்து விட்டது. கிழங்கை இழந்த கோரை அதற்கே சுருண்டது.

வெயில் வந்தது, மழை வந்தது, கோரை மட்டும் வரவில்லை. ஊற்று குபுகுபுவென்று பொங்கியது. குஞ்சுகள் துள்ளி விளையாடின.

"ஜெயிச்சுட்டோம்!" என்று கெளுத்தி கத்த, வைத்தியர் குரங்கு பன்றியைக் கட்டிக்கொண்டு கூத்தாடியது.

தலைக்குள் வளரும் கட்டியானாலும் சுனையில் முளைக்கும் களையானாலும், மருந்துக்குத் தப்பி ஒளிந்திருக்கும் மூலத்தைத் தேடி அழித்தால்தான் முழு வெற்றி.