பாதியில வந்த பாட்டு

பாஸ்டர நான் ஒண்ணும் தூண்டிவிடல, தங்கையா அண்ணாச்சி. சபைக்கு மூப்பர்னா வாய்க்கு வந்ததப் பேசிரலாமா?

நான் அவர்ட்ட ஒரு கேள்விதான் கேட்டேன்.

எங்க அக்கா சலோமி, ஈஸ்டர் அன்னிக்கு இதே சபையில நின்னு சாட்சி சொன்னா. "மன அழுத்தத்துலேருந்து கர்த்தர் என்னைத் தூக்கி எடுத்தார், மாத்திரைய விட்டுட்டேன்"னு. மொத அல்லேலூயா உங்களதுதான்.

மழைக்காலம் வர்றதுக்குள்ள திரும்ப விழுந்துட்டா.

இப்ப சோறு எறங்கல. சுவரப் பாத்துப் படுத்திருக்கா. டாக்டர்ட்ட போவோம்னா, "சாட்சி சொல்லிட்டேனே பெனிட்டா, இப்பப் போய் கர்த்தரப் பொய்யாக்கவா"ங்கா.

சனிக்கிழமை வேத வகுப்பு முடிஞ்சதும் பாஸ்டர்ட்ட போனேன்.

"சொன்ன சாட்சியத் திரும்ப வாங்க முடியுமா, பாஸ்டர்?"

அவரு நாற்காலிய அடுக்கிட்டே இருந்தாரு.

"வாயத் தொறக்காம இருக்கதுக்கா பாஸ்டரானீங்க?"

கையில இருந்த நாற்காலியக் கீழ வச்சாரு.

"நானும் அதே மாத்திரைதான் போடுறேன்."

"எப்பலேருந்து?"

"இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாலேருந்து."

"அப்போ அக்கா விட்டுட்டேன்னு சொன்னப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

"கை தட்டுனேன்."

"அப்ப அவளப் படுக்க வச்சதே நீங்கதான்."

"ஆமா."

"ஆமான்னா? வீட்டுக்கு வந்து அவட்ட சொல்லுங்க."

"வீட்ல வந்து ரகசியமாச் சொன்னா, அவளும் வீட்லயேதான் ஒளிஞ்சு கெடப்பா"ன்னாரு. திரும்ப நாற்காலிய அடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

அவ்வளவுதான் நடந்துச்சு. இதுல தூண்டிவிட என்ன இருக்கு?

மறுநா சாட்சி நேரத்துல மேடையிலேருந்து எறங்கி, சாட்சி சொல்றவங்க வரிசையில கடைசி ஆளா நின்னாரு. மைக் கைக்கு வந்துச்சு.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு இன்னும் சுகமாகல."

வேலை கெடச்சதுக்கு, வீடு கட்டுனதுக்கு, பேச்சு முடியிறதுக்குள்ள அல்லேலூயா சொல்ற சபை. ஒரு சத்தம் இல்ல.

"தெனமும் முழங்கால்ல நிக்கேன். மாத்திரையும் போடுறேன். ரெண்டையும் விட மாட்டேன்."

நிறுத்திட்டு எங்களப் பாத்தாரு. காத்துட்டு நின்னாரு.

நானும் தலையக் குனிஞ்சுட்டேன். அதையும் சொல்லிருதேன்.

அப்பத்தான் அண்ணாச்சி நீங்க கீபோர்டப் பாத்துக் கையக் காட்டுனீங்க. பாட்டு வந்துச்சு. மைக் செத்துப்போச்சு. அவரு பேசிட்டேதான் இருந்தாரு, வாய் அசைஞ்சது தெரிஞ்சுது. என்ன சொன்னாருன்னு முன்னால இருந்த எனக்கே கேக்கல.

அக்கா அத வீட்ல லைவ்ல பாத்துட்டு இருந்திருக்கா. தலவாணிய முதுகுக்கு வச்சு, எந்திரிச்சு உக்காந்து பாத்தாளாம். அம்மா சொன்னா.

நான் போகும்போது போனு கவுந்து கெடக்கு. அவ திரும்பவும் சுவரப் பாத்துப் படுத்துட்டா.

"பாஸ்டருக்கே பாட்டப் போட்டு மூடிட்டாங்க. நான் வந்தா என்ன செய்வாங்க, பெனிட்டா?"

எனக்குப் பதில் தெரியல அண்ணாச்சி.

உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட இங்க தனியாச் சொல்ல வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல அதே மைக்க வாங்கி, அவளுக்குச் சொல்லுங்க. லைவ் ஓடணும். கீபோர்டுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.