திரிம்பலுக்கு அர்த்தம்

நான் என்ன கதையா கட்டுதேன்? நம்ம பேச்சித்தாய் ஞானதிரவியம் சாரை மடக்குனது நெசந்தாம்ளா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, புரோட்டாக் கடை மாடியில பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் நடத்துனாரு. அந்தக் கடை சால்னா இருக்கே, மணமே ஆளத் தூக்கிரும். கடைக்காரன் பொண்டாட்டி கூட எனக்கு ஒருவகையில சொந்தம், அவ கல்யாணத்துல... சரி, அத விடு.

சாரு ஒரு சட்டம் போட்டாரு. இங்கிலீஷ் டிக்சனரிய முழுக்க மனப்பாடம் பண்ணாத பிள்ளை பரீட்சைக்குப் போகக் கூடாதாம், வகுப்புக்கு வெளிய போயி நிக்கணுமாம். எல்லார் ஹால் டிக்கெட்டையும் வாங்கி மேசைக்குள்ள பூட்டிட்டாரு. "நான் முழுசா மனப்பாடம் பண்ணி முடிக்கலையா? உங்களுக்கு என்ன கேடு?"ம்பாரு.

பரீட்சைக்கு மொத நாளு பேச்சி எந்திரிச்சா.

"முடிச்சிட்டேன் சார். 'திரிம்பல்'ங்கிற வார்த்தைக்குத்தான் அர்த்தம் மறந்து போச்சு."

"அது ஒரு மாதிரி சோகம். பரீட்சையில வருசா வருசம் கேப்பான்"னாரு, கண்ணக்கூடச் சிமிட்டாம.

அவரு எது சொன்னாலும் பிள்ளைக கூடச் சேர்ந்து சொல்லணும். "திரிம்பல்னா சோகம்"னு மாடியே அதிர்ந்துச்சு.

பேச்சி டிக்சனரிய நீட்டுனா. "எந்தப் பக்கம் சார்?"

அவரு பொரட்டுதாரு, பொரட்டுதாரு, வேர்த்து ஊத்துது.

"இருக்காது சார். காலைல பஸ்ஸுல வரும்போது நான் உண்டாக்குன வார்த்தை அது. நான் முடிக்கல, ஒத்துக்கிடுதேன். நீங்களும் முடிக்கல போலுக்கே. சட்டப்படி ரெண்டு பேரும் வெளிய போயி நிப்பமா?"

மேசையத் தெறந்து எல்லாருக்கும் ஹால் டிக்கெட்டக் குடுத்துட்டாரு.

ஏ முத்துலெச்சுமி, தூறல் விழுதுளா, அந்த வத்தல உள்ள எடுத்துட்டு வா.