கடுகுக்குக் கொடுத்த மாத்திரை

இருட்டிய பிறகு, வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தம் வந்தது.

துருப்பிடித்த ராட்டினத்தில் யாரோ தண்ணீர் இறைப்பதுபோல. கிணறே இல்லாத தெரு அது.

ஜெசிந்தா மணியை விரலில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். சத்தம் வெளியில் இல்லை. கட்டிலடியில், மகள் ரூபியின் செருப்பில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த நாய் கடுகின் தொண்டையில் இருந்தது.

ஜெசிந்தா நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். தாடைக்குக் கீழே கை வைத்தாள். கொட்டைப்பாக்கு அளவுக்கு இரண்டு பக்கமும் நெறிகட்டியிருந்தது. தோளுக்கு முன்னாலும். பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன அது?" என்றான் கணவன் செல்வின்.

"பல்லு சொத்தையா இருக்கும்."

*

அடுத்த வாரம், கடுகின் நெறியில் ஊசி குத்தி எடுத்ததைத் தடவிய ஒரு கண்ணாடிச் சில்லோடு பொற்கொடியிடம் போனாள்.

பொற்கொடி ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். ஊசியில் எடுத்த ஒரு சொட்டை லென்ஸின் கீழ் வைத்து, இந்த நாய்க்குப் புற்றா இல்லையா என்று சொல்பவள். ஜெசிந்தாவைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் சில் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் மேடம்.

"மேடம், புற்று இல்ல. நானே பாத்துட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

பொற்கொடி லென்ஸில் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"எங்க குத்தினே?"

"தாடைக்குக் கீழ."

"பல்லு கெட்டாலும் அங்க வீங்கும். காலுக்குப் பின்னால வீங்காது. ஊரான் வீட்டு நாயா இருந்தா எங்க குத்தியிருப்பே?"

"காலுக்குப் பின்னால."

"ம்."

மேசைமேல் இருந்த சர்க்கரை போடாத தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"கை நடுங்கியிருக்கு. பாதி செல் உடைஞ்சு கிடக்குது. குத்தும்போது பக்கத்துல யாரு?"

"ரூபி. கதவைச் சாத்தினா அழுவா மேடம். அவ பொறந்ததுலேருந்து குளிக்கும்போதுகூட நான் தாழ்ப்பாள் போட்டதில்ல."

"சரி. என்ன மாத்திரை கொடுத்தே?"

ஜெசிந்தா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"ஸ்டீராய்டு. கொஞ்சமாத்தான். மூச்சு விட முடியாமத் தவிச்சுது மேடம். ரூபிதான் ரொட்டியில வச்சு ஊட்டினா. மறுநாளே சத்தம் போயிருச்சு, கட்டியெல்லாம் வத்திருச்சு. வாலாட்டிக்கிட்டு ஓடுது! புற்றுன்னா ஓடுமா?"

"ஓடும். அந்த மாத்திரை கெட்ட செல்லைக் கொஞ்சம் கொல்லும். மிச்சத்தை ஒளிச்சு வைக்கும். மிச்சம் மருந்துக்குப் பழகிட்டுத் திரும்பி வரும். இதை எனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா தெரியுமா? என் வாத்தியார். உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"நீங்க."

"அப்ப மாத்திரை யாருக்குக் கொடுத்தே?"

"கடுகுக்கு."

"கடுகுக்கா?"

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. "நீங்க பிள்ளை பெத்தவங்க இல்ல. உங்களுக்கு இது புரியாது" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொற்கொடி முகம் மாறவில்லை. டப்பாவிலிருந்து எதுவும் தடவாத புதுச் சில் ஒன்றை எடுத்தாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். லென்ஸின் கீழ் வைத்து நாற்காலியைத் தள்ளிப்போட்டாள்.

"உக்காந்து பாரு."

ஜெசிந்தா பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே மேடம்."

"அதுதானே கேட்டு வந்தே? எடுத்துட்டுப் போ."

*

ஜெசிந்தா போகவில்லை. வாசலில் அழுதாள். பிறகு உள்ளே வந்தாள்.

"நான் என்ன செய்யணும்?"

"மாத்திரையை நிறுத்து."

"நிறுத்தினா?"

"புற்று இருந்தா, சத்தம் திரும்ப வரும். வந்ததும் காலுக்குப் பின்னால குத்து. ரத்தமும் எடு. நெறியில பொறந்ததா, எலும்புக்குள்ள பொறந்து ரத்தத்துல இறங்கினதான்னு பாக்கணும். எடுத்ததுல ஒரு பகுதியைக் குப்பியில ஐஸ் பக்கத்துல வச்சு விடியறதுக்குள்ள கொண்டா. இங்க ஒரு மெஷின் இருக்கு. ஒவ்வொரு செல்லா ஒளியில ஓடவிட்டு, நீ எந்த வகைன்னு கேக்கும். உயிரோட இருக்கிற செல்தான் பதில் சொல்லும்."

"தெரிஞ்சா காப்பாத்திடலாமா?"

"தெரிஞ்சா என்ன மருந்துன்னு தெரியும். ஒரு வருஷம் கிடைக்கலாம். முதல் நாளே குத்தியிருந்தா இன்னும் கொஞ்சம் கிடைச்சிருக்கும்."

"சத்தம் வராமலே இருந்துட்டா?"

பொற்கொடி ஆறிய தேநீரைக் குடித்தாள்.

"உனக்குத்தான் கை வச்சப்பவே தெரியுமே."

*

ஜெசிந்தா மாத்திரை அட்டையைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தூக்கி எறிய மனம் வரவில்லை.

ஊசியும் சில்லும் குப்பியும் குளியலறை மாடத்தில் காத்திருந்தன.

ஒவ்வொரு நாளும் ஜெபமாலையில் அவள் மாதாவிடம் கேட்டது ஒன்றுதான். ராட்டினம் சுற்றக் கூடாது.

கடுகு ரூபியோடு பந்து விளையாடியது. ரூபியின் தட்டிலிருந்து இட்லியைத் திருடியது. செல்வின் சிரித்தான். "உன் மேடத்துக்கு எதைப் பாத்தாலும் புற்றுதான். என்னையும் ஒரு குத்து குத்தச் சொல்லேன்!"

அவளும் சிரித்தாள். கொஞ்சம் நம்பவும் செய்தாள்.

அன்றைக்கு ஜெபமாலையில் நான்காம் தேவ ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது. "அருள் நிறைந்த மரியே" என்று செல்வின் தொடங்கினான்.

ராட்டினம் சுற்றியது.

செல்வின் நிறுத்திவிட்டான். கடுகு தலையைத் தூக்கி, தன் தொண்டையில் என்ன என்று கேட்பதுபோல ஜெசிந்தாவையே பார்த்தது.

அவள் மணியைக் கீழே வைத்தாள்.

"முடிச்சிட்டுப் போயேன்" என்றான் செல்வின் மெதுவாக.

அவள் கடுகைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள். தோளில் அதன் மூச்சு அறுத்தது.

பின்னால் பிஞ்சுக் கால்கள் ஓடிவந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்க வேண்டும். ரூபியின் கையில் மாத்திரை அட்டை இருந்தது.

"அம்மா, கடுகுக்கு இதைக் குடும்மா. சத்தம் போயிரும்ல?"

ஜெசிந்தா குனிந்து, அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் ரொட்டி எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம் தங்கம்."

"நானும் உள்ள வரேன்."

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். குழந்தை வீறிட்டது. கதவை அடித்தது.

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.