அம்புக்குறி போட்ட பதில்

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், வைத்திலிங்க சாமிக்கு ஒரு சிறிய மடம் இருந்தது. சாயங்காலம் சாமி பேசுவார். அதைப் பதிவு செய்வது சீடர் கோமதிநாயகத்தின் வேலை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கோமதிநாயகம் முன்பு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என்பதால் மடத்தின் மைக்கும் ஒயரும் அவர் பொறுப்புக்கு வந்தன.

அவ்வளவு கவனமான ஆளைப் பார்க்க முடியாது. முதலில் கேசட். அதில் பூஞ்சை பிடிக்கிறது என்று எல்லாவற்றையும் சிடிக்கு மாற்றிவிட்டு, கேசட்டுகளைத் தூக்கிப் போட்டார். சிடியில் கீறல் விழுகிறது என்று ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினார். ஒரு பீரோ நிறைய இருந்த பேச்சு சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது.

சாமி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இதுக்குள்ள இருக்கா வே?"

"ஒண்ணு விடாம இருக்கு சாமி. பென்டிரைவ்லயும் ஒரு நகல் வச்சிருக்கேன்."

"கேட்டுப் பாத்தீரா?"

"கேக்கணும் சாமி. முதல்ல எல்லாத்தையும் பத்திரப்படுத்திட்டு, பொறவு நிம்மதியா உக்காந்து கேக்கணும்."

ஐப்பசியில் ஒருநாள் இடி விழுந்தது. ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. கோமதிநாயகம் பதறவில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டு தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுல பேரு மட்டும்தான் சார் இருக்கு. ஓரத்துல அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க. இதெல்லாம் ஷார்ட்கட். பேச்சு இன்ன இடத்துல இருக்குன்னு கை காட்டும், அவ்வளவுதான்."

"எந்த இடத்துல?"

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அந்த ஹார்டு டிஸ்க்குல."

கோமதிநாயகம் மடத்துக்கு ஓடிவந்தார். பழைய சிடிகளைக் கிளி விரட்டுவதற்காகக் கொய்யா மரங்களில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கயிற்றை அறுத்து எடுத்துப் பார்த்தார். வெயிலில் வெள்ளிப்பூச்சு உரிந்து, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

சாமியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் போச்சு சாமி."

"போகட்டும். பேசுனதுதானே வே."

"மத்தது போகட்டும் சாமி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எங்க வீட்டுக்காரி ஆவுடை செத்த வருஷம் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். ஆஸ்பத்திரில இருந்து அவ கூப்பிட்டுவிட்டப்ப கடையைப் பூட்டிட்டு நான் போகலியே, இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படி இருக்கதுன்னு. அன்னைக்குப் பூரா நீங்க எனக்காகத்தான் பேசுனீங்க."

"அப்ப நீரு எங்க இருந்தீரு?"

"உங்க முன்னாலதான். ஹெட்போனை மாட்டிக்கிட்டு."

"என்ன சொன்னேன்?"

கோமதிநாயகம் யோசித்தார்.

"ஃபேன் இரைச்சல் வந்துச்சு, நிறுத்தச் சொன்னேன். நீங்க குரலை உயர்த்துறப்பல்லாம் மிஷின்ல செவப்பு லைட்டு எரிஞ்சுது, சத்தத்தைக் குறைச்சேன். பின்னால ஒரு பிள்ளை இருமுச்சு…"

அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தேம்பி அழுதார்.

"பொறவு கேட்டுக்கிடலாம்னு இருந்துட்டேன் சாமி. ஒவ்வொரு தடவ மாத்துறப்பவும் அதைத்தான் முதல்ல மாத்துனேன்."

சாமிக்கும் கண் கலங்கிவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க சாமி. மைக்கு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வார்த்தை சொன்னா போதும்."

"எனக்கு ஞாபகம் இல்லையே வே."

"அவ்வளவு நேரம் பேசுனீங்களே சாமி!"

"பேசுனேன். உம்மகிட்ட குடுத்தாச்சுன்னுதான் நான் மறந்தேன்."